மாரியை நினைத்துக் கட்டும் கோழிக்கூடு

கோழிக்கூடு கட்டப்போகிறேன் என்று யார் வந்து கேட்டாலும், மாரியில் உங்கள் வளவில் தண்ணீர் எதுமட்டும் நிற்கும் என்றுதான் நான் முதலில் கேட்பேன். எங்கள் வீடு மட்டக்களப்புப் பக்கம் களுதாவளையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில். மணல் நிலம், தண்ணீர் கெதியாக வற்றிவிடும் என்ற தைரியத்தில் முதல் கூட்டை நிலத்தோடு கட்டினேன். சீமெந்துக் கல் இரண்டு வரி, அதற்குமேல் வலை, மேலே கிடுகு. பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

கார்த்திகையில் மழை பிடித்தது. வெள்ளம் கூட்டுக்குள் வரவில்லை, கீழிருந்து ஊறியது. போட்டிருந்த உமி களிபோல ஆகி, குனிந்தால் கண் எரிகிற நாற்றம். எச்சம் நனைந்தால் வருகிற அந்தக் காரம்தான் கோழியின் கண்ணையும் நெஞ்சையும் கெடுக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. முதலில் கண் கலங்கியது, மறுகா மூக்கில் சளி. தை பிறப்பதற்குள் 14 கோழியில் 6 செத்துப்போயின. 2011 ஜனவரி வெள்ளத்தில் எங்கள் அம்மா கோழிகளைப் பூவரசங் கொப்பில் ஏற்றிவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தங்கினா. திரும்பி வந்து பார்த்தால் எல்லாம் மரத்திலேயே இருந்தனவாம். "கோழிக்குத் தரை ஆகாது மனே, உசரம்தான் வேணும்" என்று அவ முதலிலேயே சொன்னா. நான்தான் கேட்கவில்லை.

இப்போது இருப்பது இரண்டாவது கூடு. 11 பேடும் ஒரு சேவலும். நீளம் 8 அடி, அகலம் 4 அடி. பகலெல்லாம் வளவில் மேய்கிற கோழிக்கு இரவில் படுக்க 2 சதுர அடி இருந்தால் போதும், அதற்குமேல் கொஞ்சம் தாராளம் விட்டிருக்கிறேன். வேலிக்குப் போடுகிற கொங்கிறீட் தூண் 6 வாங்கி, 2 அடி மண்ணுக்குள் இறக்கி, 3 அடி வெளியே விட்டு, அதன்மேல் கூட்டைத் தூக்கி வைத்தோம். மரக்கால் வேண்டாம், கறையான் விடாது. 3 அடி உயரம் என்றால் கீழே குனிந்து கூட்டவும் வசதி.

கூட்டின் தரைக்கு ஒரு அங்குல ரீப்பைகளை, அதாவது ஒடுங்கிய மரச் சட்டங்களை, வரிசையாக அடித்தோம். இடைவெளிதான் இங்கே முக்கியம். என் நடுவிரல் இறுக்கமாக உள்ளே போகிற அளவு விடச் சொன்னேன். அதைவிட ஒடுக்கம் என்றால் எச்சம் கீழே விழாமல் அடைத்துக்கொள்ளும், அகலம் என்றால் கோழி கால் மாட்டி முடமாகும். குஞ்சுகளை இந்தத் தரையில் விடவே கூடாது. கூட்டுக்கு அடியில் மணலின்மேல் உமி பரப்பியிருக்கிறேன். எச்சம் அதில் விழுந்து காய்ந்துவிடும். உமியை மாசி, பங்குனியில், வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்களில் பெரும்போகம் வெட்டி முடிகிற நேரத்தில் மில்லில் எடுத்து, மூட்டையாகக் கட்டி உலர்ந்த இடத்தில் வையுங்கள். மாரியில் தேடினால் ஈர உமிதான் கிடைக்கும்.

எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுவது? நீளத்தைக் கிழக்கு மேற்காக வையுங்கள். காலை வெயிலும் பின்னேர வெயிலும் ஒடுங்கிய பக்கங்களில் மட்டும்தான் படும். நமக்கு மாரி மழை வாடைக் காற்றோடு வடகிழக்கிலிருந்து அடிக்கும். அதனால் கிழக்குப் பக்கத்தை முழுக்கப் பலகை அடித்து மூடினேன். வடக்குப் பக்கம் வலைதான், ஆனால் மேலே ஒரு படங்கைச் சுருட்டிக் கட்டியிருக்கிறேன். மழை வந்தால் அவிழ்த்துவிடுவேன், அதையும் அடிவரை இழுப்பதில்லை. கீழே ஒரு சாண் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே புழுங்கும். மேற்கே அரைச்சுவர் உயரத்துக்குக் கிடுகு, கச்சான் காற்றின் வெக்கைக்கு அது தடுப்பு. தெற்கு முழுக்கத் திறப்பு, வலை மட்டும்தான்.

கூரை தகரம். ஆடி வெயிலில் தகரத்துக்கடியில் கோழி வாயைப் பிளந்துகொண்டு, சிறகை விரித்து நிற்கும். ஆகவே தகரத்தின்மேல் கிடுகு போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டேன். கூரையைக் கட்டுக்கம்பியால் தூண்களோடும் பிணைத்திருக்கிறது. 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட தலைமுறை எங்கள் வீட்டில் இருக்கிறது, கட்டாமல் விட்டிருந்தால் கேட்டே கொன்றிருப்பார்கள்.

இனி வலை. கடையில் கோழி வலை என்று கேட்டால் தேன்கூட்டுக் கண் உள்ள மெல்லிய வலையைத்தான் தருவார்கள். அது கோழி வெளியே போகாமல் தடுக்கும், மரநாய் உள்ளே வராமல் தடுக்காது. என் பழைய கூட்டில் ஒரு விடியற்காலை பார்த்தேன். மூலையில் முறுக்குக் கம்பி பிரிந்து, சிரட்டை அளவில் ஒரு ஓட்டை. விளிம்பில் மயிர் ஒட்டியிருந்தது. மூன்று பேடு கழுத்தில் கடிபட்டுக் கிடந்தன, ஒன்றைக் காணவில்லை. அதற்குப் பிறகு அரை அங்குலக் கண் உள்ள வெல்டிங் வலைதான். விலை கூடத்தான், என்ன செய்வது. ஆணியை வளைத்து அடித்தால் போதாது, வலையின் ஓரத்தின்மேல் ஒரு ரீப்பை வைத்து அடியுங்கள். கடலோரத்தில் உப்புக் காற்று கம்பியைத் தின்னும், வருடத்துக்கு ஒரு தடவை பெயின்ட் அடிப்பது அதற்காக. கதவுக்குக் கொண்டி மட்டும் போட்டால் மரநாய் ஆட்டித் திறந்துவிடும், ஆமைப்பூட்டுப் போடுங்கள். தென்னைக்கு எலி ஏறாமல் தகரம் சுற்றுவோம் அல்லவா, அதே மாதிரி ஒவ்வொரு தூணிலும் ஒரு அடி அகலத்துக்குத் தகரம் சுற்றினேன். எலியும் பாம்பும் ஏறுவது குறைந்தது. கீரி பகலில் வருகிற கள்ளன், அதற்குக் கூடு உதவாது, வீட்டு நாய்தான் வேண்டும்.

உள்ளே இருக்க ஒரே உயரத்தில் இரண்டு கம்பு. ஏணி மாதிரி ஏற்றி இறக்கி வைத்தால் மேல் கம்புக்கு ஒவ்வொரு இரவும் சண்டை. கோழிக்கு 8 அங்குலம் கணக்கு. முட்டைப் பெட்டி கம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், உயர்ந்திருந்தால் அதற்குள்ளேயே படுத்து எச்சமிடும். ஒரு அடிக்கு ஒரு அடிப் பெட்டி, நாலைந்து பேட்டுக்கு ஒன்று. நான் 3 வைத்தேன். எல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் வரிசையில் நிற்கின்றன, அது வேறு கதை. காலையில் ஒன்பது மணிவரை திறந்துவிடாதீர்கள். எட்டு மணிக்குத் திறந்தால் பக்கத்து மாமியின் விறகு மாலுக்குள் போய் இட்டுவிட்டு வந்து இங்கே கேரும்.

தீன் பெரிய வித்தை இல்லை. குறுணல், தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, வீட்டு மிச்சம். கருவாட்டுத் தலை கொடுப்பதென்றால் ஊறவைத்து உப்பைப் போக்கிவிட்டுக் கொடுங்கள், உப்பு கோழிக்கு ஆகாது. கரையில் பொறுக்குகிற சிப்பியைக் கழுவிக் காயவைத்து இடித்து ஒரு சட்டியில் தனியாக வைத்தால், முட்டைக்கோது மெலிந்த பேடு தானே வந்து கொத்தும். பின்னேரம் ஒரு பிடி நெல்லைக் கூட்டுக்குள் எறியுங்கள், விரட்டாமலே எல்லாம் ஏறிவிடும்.

ராணிக்கெட் என்கிற கோழிக் கொள்ளைநோய் வந்தால் மருந்தில்லை. பச்சைக் கழிச்சல், கழுத்துத் திருகல், பிறகு சாவுதான். தடுப்பூசி மட்டும்தான் வழி, மிருக வைத்தியர் கந்தோரில் கேளுங்கள். ஒரு குப்பி மருந்து நூறு கோழிக்குமேல் காணும், உடைத்தால் அன்றைக்கே முடிக்க வேண்டும். ஆகையால் நாங்கள் ஒழுங்கையில் ஏழெட்டு வீடு சேர்ந்து ஒரே நாளில் போடுகிறோம். மருந்தை ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும், வெயிலில் சைக்கிள் கூடையில் வந்தால் வெறும் தண்ணீர்தான். புதிதாக வாங்குகிற கோழியை இரண்டு கிழமையாவது தனியே கரப்புக்குள், அதுதான் கவிழ்த்து மூடுகிற கூடைக்குள், வைத்துப் பாருங்கள். அடைக்கோழிக்கும் அதே கரப்புத்தான், 10 முட்டை வைத்தால் 21ஆம் நாள் சத்தம் கேட்கும்.

ஐப்பசி பிறந்ததும், மழைக்கு முன்னால், அடியிலிருக்கிற உமியை எல்லாம் வழித்துத் தென்னையடியில் குவித்துவிடுவேன். பச்சையாகப் போட்டால் வெற்றிலைக் கொடியின் வேர் கருகும், இரண்டு மூன்று மாதம் புழுங்கி ஆற வேண்டும். தை கழிய, பின்வளவு வெற்றிலைத் தோட்டத்து மாமா இரண்டு உரப்பை கட்டிக்கொண்டு போவார். காசு நாங்கள் கேட்பதில்லை. அன்றைக்குப் பின்னேரமே அம்மாவுக்கு ஒரு கட்டு வெற்றிலை வந்துவிடும்.