வீடு சுலபம், வண்டிப்பாதைதான் வம்பு: கலிஃபோர்னியாவின் கிராமப்புற மனையில் மண் வெட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிஃபோர்னியாவின் கிராமப்புறத்தில் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று நிலம் வாங்குகிறவர்கள் வீட்டைப் பற்றி மட்டுமே யோசிக்கிறார்கள். சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம், வராந்தா எவ்வளவு அகலம் என்பதெல்லாம் முடிவான பிறகு, பொதுச் சாலையிலிருந்து வாசல் வரை வரைபடத்தில் ஒரு கோடு இழுத்து ‘டிரைவ்வே’ என்று எழுதிவிடுகிறார்கள். கவுண்டி (நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பிரிவு) அலுவலகத்தில் கோப்பு மாதக்கணக்கில் தூங்குவது பெரும்பாலும் அந்தக் கோட்டினால்தான். வீடு ஓர் இடத்தில் அடங்கிவிடும். ஓடையைக் கடப்பதும், சரிவைக் குடைவதும், ஓக் மரங்களின் வேர்மேல் போவதும் பாதைதான்.

கலிஃபோர்னியா சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1970-ல், ரொனால்ட் ரீகன் ஆளுநராக இருந்தபோது வந்தது. எல்லோரும் ‘சீக்வா’ (CEQA) என்றே சொல்வார்கள். ஒரு வேலைக்கு இசைவு தரும் முன் அதனால் சுற்றுச்சூழலுக்கு வரும் பாதிப்பை ஆய்வு செய்யச் சொல்லும் சட்டம் அது. அரசு கட்டும் வேலைகளுக்கு மட்டும்தானா அது என்ற கேள்விக்கு 1972-ல் மாநில உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது: அரசு அனுமதி தேவைப்படும் தனியார் வேலைகளுக்கும் உண்டு. ஆனால் எல்லா அனுமதிக்கும் அல்ல. விதியில் உள்ள அளவு சரியா என்று மட்டும் பார்த்து அதிகாரி முத்திரை குத்துவதாக இருந்தால் ஆய்வு கிடையாது. கொடுக்கலாமா, என்ன நிபந்தனை போடலாம் என்று அவர் தம் முடிவில் தீர்மானிக்க இடமிருந்தால் ஆய்வு உண்டு. மண் வேலைக்கான அனுமதி இதில் எந்த வகை என்பதை ஒவ்வொரு கவுண்டியின் சொந்த விதிதான் சொல்லும். அதனால் பக்கத்துக் கவுண்டியில் மனை வைத்திருக்கும் நண்பரின் அனுபவத்தை நம்பிக் காரியத்தில் இறங்குவது முதல் தவறு.

இப்போது புதிதாக இன்னொரு நம்பிக்கையும் உலவுகிறது: 2025 ஜூன் மாதக் கடைசியில் கையெழுத்தான சட்டங்களால் வீடுகளுக்குச் சீக்வாவே இல்லை என்பது. அந்தப் பெரிய விலக்கு, நகரத்துக்குள் ஏற்கெனவே கட்டடங்கள் சூழ்ந்த மனைகளில் எழும் குடியிருப்புகளுக்கானது. மலையடிவாரத்துப் பத்து ஏக்கருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

விலக்கு என்ற வழுக்கு மரம்

தனி வீடு ஒன்றைக் கட்டுவதற்குச் சீக்வா விதிகளிலேயே பொது விலக்கு இருக்கிறது. அதை மூன்றாம் வகை என்பார்கள். நிலத்தில் செய்யும் சிறு மாற்றங்களுக்கான நான்காம் வகை விலக்கும் உண்டு. பலர் இந்த இரண்டையும் கேள்விப்பட்டதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான்காம் வகையை முழுதாகப் படித்தால்தான் சிக்கல் தெரியும். மண் வெட்டிச் சமன் செய்யும் இடம் 10 சதவீதத்துக்கும் குறைந்த சரிவாக இருக்க வேண்டும். நீர்வழியிலோ ஈரநிலத்திலோ, அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்ட இயற்கைக்காட்சிப் பகுதியிலோ, நிலநடுக்கப் பிளவு மண்டலத்திலோ இருக்கக் கூடாது. முதிர்ந்த, நோயற்ற, அழகான மரங்களை அகற்றக் கூடாது. கலிஃபோர்னியாவின் மலையடிவார மனைகளில் இத்தனையும் ஒருசேரப் பொருந்தும் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்.

இதைவிடப் பெரிய வழுக்கல் ஒன்று உண்டு. ‘ஓடைக்கு வேலி போடுகிறேன், மழைக்காலத்தில் வேலை செய்ய மாட்டேன், வெட்டும் மரத்துக்கு மூன்று மரம் நடுகிறேன், ஆகவே விலக்குக் கொடுங்கள்’ என்று கேட்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மரின் கவுண்டியும் அப்படித்தான் நினைத்தது. சால்மன் மீன்கள் ஏறிவரும் ஓடை ஒன்றின் பாதுகாப்பு எல்லைக்குள் ஒரு தனி வீட்டுக்குப் பல நிபந்தனைகளைப் போட்டு, மூன்றாம் வகை விலக்கின் கீழ் அனுமதி தந்தது. சால்மன் பாதுகாப்பு அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. 2004-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விலக்கு செல்லாது என்றது. பாதிப்பைக் குறைக்கும் நடவடிக்கைகள் தேவைப்படுகின்றன என்றாலே விலக்குக்கு உரிய வேலை அல்ல; ஆய்வு செய்து, அந்த நடவடிக்கைகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துத்தான் அனுமதி தர வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

ஆகவே விலக்குதான் வேண்டுமென்றால், நிபந்தனையே தேவைப்படாத இடத்தில் பாதையை அமைக்க வேண்டும். ஓடையை விட்டு நகர்த்துங்கள். சரிவு குறைந்த மலைமுதுகில் ஏற்றுங்கள். தேவையானால் வீட்டையே சாலைக்கு அருகில் கொண்டு வாருங்கள். காட்சி கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் காகிதத்தில் கோட்டை நகர்த்துவதற்கு ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. நில அளவை, பொறியியல் வரைபடம் எல்லாம் முடிந்த பிறகு நகர்த்தினால்தான் பணம் கரையும்.

‘கொஞ்சம் மண்தானே’

பல கவுண்டிகளில் 50 கன கெஜத்தைத் தாண்டினாலே மண் வேலைக்கு அனுமதி வேண்டும். நம் ஊர் மணல் கணக்கில் சொன்னால் பதின்மூன்றரை யூனிட். கேட்க அதிகமாகத் தோன்றும். 600 அடி நீளப் பாதை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்குச் சரிவு 20 சதவீதம். வெட்டும் அகலம் 14 அடி. மேல்பக்கத்தில் வெட்டின் ஆழம் 2.8 அடி வரும். வெட்டின் குறுக்குமுகம் ஒரு முக்கோணம்; அதன் பரப்பு 19.6 சதுர அடி. 600-ஆல் பெருக்கினால் 11,760 கன அடி, அதாவது சுமார் 435 கன கெஜம். மேல்சுவர் இடிந்து விழாமல் சாய்த்து வெட்ட வேண்டிய மண்ணை இதில் நான் சேர்க்கவேயில்லை.

வெட்டிய மண் எங்கே போகிறது? புல்டோசர்க்காரர் விருப்பத்துக்கு விட்டால் கீழ்ச்சரிவில் தள்ளிவிடுவார். பாதை அகலமாகத் தெரியும், வேலையும் சீக்கிரம் முடியும். புல்லும் புதருமாக இருந்த சரிவின்மேல் இறுக்காமல் கொட்டிய மண் குளிர்கால மழையில் ஊறிக் கனத்து, அப்படியே வழுக்கிக்கொண்டு போகும். கீழே ஓடை இருந்தால் சேறு அங்கேதான் சேரும். மீன் முட்டையிடும் சரளைக்கல் இடுக்குகளை அடைக்கும். மிஞ்சும் மண் எங்கே போகும் என்பதையும் விண்ணப்பத்திலேயே காட்ட வேண்டும். பாதை, வீட்டுத் தளம், தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்க் குழி என எல்லாமாகச் சேர்ந்து கிளறப்படும் நிலம் ஒரு ஏக்கரை எட்டினால், மாநில நீர்வளக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கட்டுமான மழைநீர் அனுமதியும் தனியாக வேண்டும்.

தீயணைப்பு விதிகளைக் கடைசியில் பார்ப்பது இதனோடு ஒட்டிய தவறு. மாநிலத் தீயணைப்புத் துறையின் பொறுப்பிலுள்ள பகுதிகளில், வண்டிப்பாதைக்குக் குறைந்தது 10 அடி ஓடுதளமும், இருபுறமும் சேர்த்து 14 அடி தடையற்ற அகலமும் இருக்க வேண்டும். ஏற்றம் 16 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 150 அடிக்கு மேல் போனால் நடுவழியில் வண்டி ஒதுங்க இடம், 300 அடிக்கு மேல் போனால் வீட்டருகே தீயணைப்பு வண்டி திரும்ப இடம் விட வேண்டும். சுற்றுச்சூழல் ஆய்வை ஒல்லியான பாதையைக் காட்டி முடித்துவிட்டுப் பிறகு இவற்றைச் சேர்த்தால், ஆய்வு செய்த வேலை ஒன்று, வெட்டப்போகும் வேலை வேறொன்று. மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

காய்ந்த ஓடையும் ஓடைதான்

ஆகஸ்டில் போய்ப் பார்த்தால் வெறும் கல்லும் சருகுமாகக் கிடக்கும். ‘இது ஓடையா?’ என்று சிரிப்பார்கள். ஆண்டின் சில வாரங்கள் மட்டுமே தண்ணீர் ஓடும் வழிகளும் மாநில மீன்வள, வனவிலங்குச் சட்டத்தின் 1602-ஆம் பிரிவுக்குள் வரும். அதன் படுகையையோ கரையையோ தொடுவதற்கு முன் மீன்வள, வனவிலங்குத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் 25,000 டாலர் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

சட்டத்தை விடுங்கள், தண்ணீரைப் பாருங்கள். ஓடையைக் கடக்க ஒரு குழாயைப் பதித்து மேலே மண் கொட்டிவிடுவார்கள். பெருமழையில் ஒரு கிளையும் கொஞ்சம் சருகும் குழாய்வாயை அடைத்துவிட்டால் தண்ணீர் தேங்கி மேலேறும். கடக்கும் இடத்திலிருந்து பாதை இறங்கிப் போவதாக இருந்தால், ஓடை தன் வழியை விட்டுவிட்டுப் பாதையிலேயே நடக்க ஆரம்பிக்கும். ஒரே இரவில் பாதை பள்ளமாகும்; வளைவில் சரிவைக் கிழித்துக்கொண்டு இறங்கும். குழாயின் மேல் பாதையை மெல்லிய பள்ளமாக வாரிவிட்டால் போதும், வழிந்த நீர் குறுக்கே ஓடித் தன் ஓடையிலேயே விழும். வரைபடத்தில் ஒரு சிறு வளைவு, அவ்வளவுதான். அது இல்லாத வரைபடங்களே அதிகம் வருகின்றன.

மரங்களில் வெட்டப்படுபவற்றை மட்டும் எண்ணுவது இன்னொரு குறைக்கணக்கு. வெட்டாமல் விட்ட ஓக் மரத்தின் அடியில் ஓரடி மண் நிரப்பினாலும், வேரை ஒருபக்கம் அறுத்தாலும், மரம் உடனே சாகாது. சில ஆண்டுகள் பச்சையாக நின்று ஏமாற்றிவிட்டுப் பிறகு பட்டுப்போகும். ஐந்து அங்குலமோ அதற்கு மேலோ விட்டமுள்ள ஓக் மரங்கள் கொண்ட காட்டுநிலம் மாற்றப்படுகிறதா என்பதைக் கவுண்டி பார்த்தாக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

அரிய செடிகளைத் தேடும் தாவரவியல் கணக்கெடுப்பு அவை பூக்கும் பருவத்தில் நடக்க வேண்டும், பெரும்பாலும் வசந்தம். செப்டம்பரில் நிபுணரை அழைத்தால், காய்ந்த புல்லைப் பார்த்துவிட்டு அடுத்த ஏப்ரலில் வருகிறேன் என்பார். ‘அனுமதி முதலில், கணக்கெடுப்பு பிறகு’ என்று நிபந்தனையாக எழுதித் தப்பிக்கவும் முடியாது. 1988-ல் மெண்டோசினோ கவுண்டி இப்படி ஆய்வைத் தள்ளிப்போட்டு அனுமதி தந்ததை நீதிமன்றம் ஏற்கவில்லை. பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடுகட்டும் காலம். அக்டோபர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை பல கவுண்டிகளில் மழைக்கால மண் வேலைக்குக் கட்டுப்பாடு. எஞ்சும் வாரங்களை விரல்விட்டு எண்ணலாம்.

பண்ணைக்குப் போகும் பாதை என்று சொல்லி முதலில் வெட்டிவிட்டு, அடுத்த ஆண்டு அதன் முனையில் வீட்டுக்கு விண்ணப்பிப்பவர்களும் உண்டு. விவசாய மண் வேலைக்குச் சில கவுண்டிகளில் சலுகை இருப்பதால் இந்த யோசனை பிறக்கிறது. வேலையை முழுதாகப் பார்க்க வேண்டும், துண்டு துண்டாக அல்ல என்பது சீக்வாவின் அடிப்படை. வான்படங்கள் ஆண்டுவாரியாகக் கிடைக்கும் காலத்தில், புதிய பாதை எப்போது முளைத்தது என்பதை மேசையிலிருந்தபடியே கண்டுபிடித்துவிடுவார்கள்.

விலக்குக் கிடைத்ததும் கையோடு கவனிக்க வேண்டிய ஒன்று: விலக்கு அறிவிப்பைக் கவுண்டி எழுத்தரிடம் பதிவு செய்யக் கேளுங்கள். பதிவு செய்தால் அதை எதிர்த்து வழக்குப் போட 35 நாள்தான். செய்யாவிட்டால் 180 நாள். கோபக்கார அண்டை வீட்டாருக்கு அரை ஆண்டு அவகாசம் கொடுத்துவிட்டு எக்ஸ்கவேட்டரை வாடகைக்கு எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.