அரிய நீர்ப்பறவைகளைப் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சதுப்புநிலக் காப்பகங்களுக்குப் புதிதாக வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம், எங்கள் கூட்டம் தொடக்கத்தில் செய்த அதே பிழைகள் கண்ணில் படுகின்றன. பளிச்சென்ற சட்டை, சத்தமான பேச்சு எல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

அசையாத பறவைக்குப் பயமில்லை என்று நினைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். சம்புப் புதருக்குள் ஒரு மஞ்சள் குருகு, கொக்கு இனத்துச் சிறு பறவை. அலகை வானத்துக்கு நிமிர்த்தி, கழுத்தை நீட்டி, அப்படியே நிற்கிறது. கழுத்துக் கோடுகள் தண்டுகளோடு கலந்துவிட்டன. "பயமே இல்ல, போஸ் கொடுக்குது பாருங்க" என்று ஒருவர் கேமராவோடு முன்னால் நகர்ந்தார். பின்னால் இன்னும் நாலு பேர். அவர்கள் நின்ற நேரம் முழுக்க அது ஒரு மீனைக்கூடக் கொத்தவில்லை. அலகு மேலே பார்த்தாலும் கண்கள் நம்மைத்தான் பார்க்கின்றன. அது பயத்தின் உச்சம்.

மயில் உள்ளான் என்ற சதுப்புநிலப் பறவையும் இப்படித்தான் உறைந்துபோகும், நாம் மிதித்துவிடும் அளவுக்கு நெருங்கும்வரை.

தரையில் முட்டையிடும் சிறு கரைப்பறவையான உப்புக்கொத்தி விஷயம் இன்னும் மோசம். இறக்கை ஒடிந்ததுபோல இழுத்துக்கொண்டு ஓடும். பாவம், அடிபட்டிருக்கிறது என்று பின்னாலேயே போவார்கள். பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது, நம்மைத் திசைதிருப்பத்தான் அந்த நடிப்பு. திறந்த மண்ணில் கிடக்கும் முட்டைக்கு உச்சி வெயிலில் தாய் தந்தையின் நிழல்தான் காப்பு. சில இனங்கள் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும். நாம் வீடியோ எடுக்கிற நேரத்தில் அந்த முட்டை வேகிறது. வந்த வழியே, காலடியைப் பார்த்துக்கொண்டு, உடனே திரும்புங்கள்.

பறந்துபோனால்தான் தொந்தரவு என்ற கணக்கே தப்பு. இரை கொத்துவது நின்றதா? தலை நிமிர்ந்ததா? மெல்ல விலகி நடக்கிறதா? அங்கேயே நில்லுங்கள், பிறகு மெல்லப் பின்வாங்குங்கள். மறுபடி கொத்த ஆரம்பித்தால் சரி, அதுதான் உங்கள் தூரம்.

கால் நிறத்தை மட்டும் நம்பிப் பெயர் சொல்வது

சேற்றில் இரைதேடும் மிகச் சிறிய கரைப்பறவைகள் இரண்டு: கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு, பச்சைக்கால் கொசு உள்ளானுக்கு வெளிர் நிறம். ஆனால் சேறு அப்பினால் எல்லாக் காலும் கறுப்புதான். பறக்கும்வரை பொறுத்திருங்கள், தானாக எழும்பட்டும். வாலின் இரு ஓரமும் வெள்ளையாகத் தெரிந்தால் பச்சைக்கால். அதுவரை குறிப்பேட்டில் கேள்விக்குறி போதும்.

பத்து நிமிடத்தில் கிளம்புவது

கானாங்கோழி வகைகள் புல்லைவிட்டு வெளியே வருவது பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும்தான். உட்காருங்கள்.

பதிவுசெய்த பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது

வேண்டவே வேண்டாம்.

கூட்டின் இடத்தைப் படத்தோடு பகிர்வது

ஒருவர் போட்டால் அடுத்த நாளே கூட்டம் வந்துவிடும். குஞ்சுகள் கிளம்பிய பிறகு பகிருங்கள். படத்தில் இருக்கும் இடக்குறிப்பையும் நீக்கிவிடுங்கள்.