ராத்திரியில் ஸ்பேனரைத் தூக்கும் முன்

பகலெல்லாம் சொட்டும் குழாய் யார் காதிலும் விழாது. வீடு அடங்கியதும்தான் ‘டொக்… டொக்…’ என்று மண்டைக்குள் இறங்கும். உடனே வீட்டில் ஒருவருக்கு வீரம் வந்துவிடும். “ஒரு வாஷர் மாத்தினா போச்சு, அஞ்சு நிமிஷ வேலை.”

முதல் தவறு இந்த அஞ்சு நிமிஷக் கணக்குதான். பழைய குழாயில் உப்புப் படிந்து மரை இறுகிக் கிடக்கும். பலத்தைக் காட்டித் திருகினால் குழாய் பாதி கையோடு வரும், மீதி சுவருக்குள் நிற்கும். அந்த நேரத்தில் கடையும் திறந்திருக்காது, பிளம்பரும் வரமாட்டார். கழற்றுவதற்கு முன்பே மாற்று வாஷரும், குழாய் உடைந்தால் ஓட்டையை அடைக்க ஓர் எண்ட் பிளக்கும் கையில் இருக்க வேண்டும். இல்லையா, குழாய் வாயில் ஒரு துணி நாடாவைக் கட்டி, நுனியை வாளிக்குள் தொங்கவிட்டுப் படுத்துவிடுங்கள். தண்ணீர் நாடாவைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிவிடும். விடியும்வரை அது போதும்.

இரண்டாவது தவறு, வேலை நடப்பதை வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இருப்பது. எல்லாவற்றிலும் பெரியது இதுதான் என்பேன். தூங்குகிறவர்களை எழுப்ப வேண்டாமே என்ற நல்லெண்ணத்தில் சித்தப்பா ஓசைப்படாமல் மாடிக்குப் போய் டேங்க் வால்வை மூடிவிட்டு, கீழே வந்து பாத்ரூம் குழாயைக் கழற்றினார். அதே நேரம் பின்கட்டில் பாட்டி கை கழுவக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. பேரனை உலுக்கி, “மேல போய் வால்வத் திறந்துட்டு வாடா” என்றார். அவனும் அரைத் தூக்கத்தில் போய்த் திறந்துவிட்டான். மொட்டையாக நின்ற பைப்பிலிருந்து தண்ணீர் சித்தப்பாவின் நெஞ்சில் பீய்ச்சியடிக்க, இரண்டு உள்ளங்கையாலும் அதை அழுத்திக்கொண்டு “வால்வு! வால்வு!” என்று அலறினார். மாடியில் நின்றவனுக்கு இன்னும் நன்றாகத் திறக்கச் சொல்கிறார்கள் என்று பட்டது. திறந்தான். ஓடிவந்த சித்தியிடம் பாட்டி சாவகாசமாகச் சொன்னார்: “தண்ணிதான் வந்துருச்சேடி, இன்னும் எதுக்குக் கத்துறான்?”

வால்வின் கைப்பிடியில் ‘திறக்காதே’ என்று ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருந்தால் இவ்வளவும் இல்லை. இன்னொன்று: வால்வை மூடியதும் இருப்பதிலேயே தாழ்வான குழாயைத் திறந்து, பைப்பில் தேங்கிய தண்ணீரை வடியவிட வேண்டும். மூடிய பிறகும் முகத்தில் அடிப்பது அந்தத் தண்ணீர்தான்.

மின்சார வேலையில் இதே தவறு நடந்தால் சிரிக்க ஆள் மிஞ்சமாட்டார்கள். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஒயரைத் தொடக் கூடாது. மீட்டர் பெட்டிப் பக்கம் இருக்கும் அந்த லைனின் எம்.சி.பி.யை, அதாவது கரண்ட்டைத் துண்டிக்கும் சின்ன சுவிட்சை இறக்கி, அதன் மேல் டேப் ஒட்டி, “யாரும் போடாதீங்க” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டெஸ்டரை முதலில் மின்சாரம் ஓடும் வேறொரு பிளக்கில் வைத்து எரிகிறதா என்று பாருங்கள். பிறகு வேலை செய்யும் இடத்தில் வையுங்கள். கெட்டுப்போன டெஸ்டரும் ‘கரண்ட் இல்லை’ என்றுதான் சொல்லும். கை ஈரமாக இருந்தாலோ, கண் சொருகினாலோ, அந்த வேலை காலைக்குத்தான்.

டார்ச் பிடிக்கக் குழந்தையை எழுப்புவதும் பலனில்லை. அது எங்கே பார்க்கிறதோ அங்கேதான் வெளிச்சமும் போகும். பெரும்பாலும் உங்கள் கண்ணில். தலையில் மாட்டும் விளக்கு ஒன்று வாங்கிவைத்துக்கொள்ளலாம்.

ஒழுகாமல் இருக்க மரையில் சுற்றும் டெஃப்லான் டேப்பை, மரையின் முனை நம்மைப் பார்க்கும்படி பிடித்து, கடிகாரம் ஓடும் திசையில் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் குழாயை மாட்டும்போதே பிரிந்து வந்துவிடும். பிளாஸ்டிக் குழாயைக் கையால் இறுக்கிய பிறகு ஸ்பேனரால் கொஞ்சம் திருப்பினால் போதும். ‘இன்னும் ஒரு சுத்து’ என்ற ஆசையில்தான் விரிசல் விடுகிறது. பைப்புகளை சால்வென்ட் பசை போட்டு ஒட்டினால், டப்பாவில் போட்டிருக்கும் நேரம்வரை தண்ணீரைத் திறக்காதீர்கள். காலையில் எல்லோரும் குளிக்க வேண்டுமே என்ற அவசரம் பசைக்குத் தெரியாது.

அடைப்பை எடுக்க, கையில் கிடைத்ததையெல்லாம் கலந்து ஊற்றுவது விளையாட்டல்ல. பிளீச்சும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ராத்திரியில் கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும் என்பதால் இன்னும் ஆபத்து. உறிஞ்சும் ரப்பர் பம்ப் இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உடைந்த கைப்பிடியை சூப்பர் க்ளூ வைத்து ஒட்டும்போது, வழிந்ததைப் பருத்தித் துணியால் துடைக்காதீர்கள். பருத்தியில் பட்டதும் அது சட்டென்று சூடேறி, கையைச் சுட்டுவிடும். விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுக்க வேண்டாம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாகப் பிரித்தெடுக்கலாம். டேங்க் வால்வை மூடியிருந்தால், அதற்கும் ஒரு வாளித் தண்ணீரை முன்கூட்டியே பிடித்து வைத்திருக்க வேண்டும்.