கார் ஸ்கேனர் வாங்கப் போறீங்களா?
செக் என்ஜின் விளக்கு எரிஞ்சா கோடு (கோளாறைச் சொல்லும் குறியீடு) பார்க்க, விலை குறைந்த ஈஎல்எம்327 புளூடூத் அடாப்டரே வீட்டுக்குப் போதும். டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகி, மொபைல் ஆப்பில் படிக்கலாம். ஐபோன்காரர்கள் மட்டும் வைஃபை அல்லது பிஎல்இ (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதிய புளூடூத்) வகை என்று கேட்டு வாங்குங்க. பழைய வகை புளூடூத் அதில் இணையாது.

ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குக்கு இது பெரும்பாலும் உதவாது. உங்க கார் மாடலின் பெயரே பட்டியலில் உள்ள ஸ்கேனர் வேணும். 'எல்லா காருக்கும்' என்று அட்டையில் போட்டிருப்பதை நான் நம்புவதில்லை.

லைவ் டேட்டா, அதாவது என்ஜின் ஓடும்போதே மாறும் அளவுகளைக் காட்டுதா என்றும் பாருங்க. பி0301 என்ற கோடு வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது எரிபொருள் சரியா எரியலை. காரணம் பிளக்கா, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலா, எரிபொருள் தெளிக்கும் இன்ஜெக்டரா என்று கோடு சொல்லாது. தனித்தனி காயில் உள்ள வண்டியில், அந்தக் காயிலை இரண்டாவது சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்க. கோடு பி0302 ஆக மாறினால் காயில்தான் கோளாறு. அந்தக் குறியீட்டை அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துடுங்க. அழிச்சா ஃப்ரீஸ் ஃப்ரேம் (கோளாறு பதிவான நேரத்து என்ஜின் அளவுகள்) விவரமும் சேர்ந்தே போயிடும்.