பையன் இன்னும் வளரவில்லையா? நாங்களும் நீங்களும் செய்யும் தவறுகள்

போன வாரம் ஓ.பி.யில் ஒரு பி.ஜி. (மருத்துவ மேற்படிப்பு) மாணவர் எழுதிய சீட்டு என் கைக்கு வந்தது. 14 வயது முடிந்த பையன், மீசை அரும்பவில்லை, வகுப்பிலேயே குள்ளம். கீழே ஒரே வரி: "குடும்ப வாகு, பயம் வேண்டாம், ஆறு மாதம் கழித்து வரவும்." எடை எழுதியிருந்தது, உயரம் இல்லை. இருபது வருடத்துக்கு முன்னால் இதே வரியை நானும் எழுதியிருக்கிறேன். அதனால் மருந்து வாங்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்த அந்தக் குடும்பத்தைத் திரும்பக் கூப்பிடச் சொன்னேன், அன்று ராத்திரியே இதை எழுதவும் உட்கார்ந்தேன். இளம் மருத்துவர்களுக்காகத்தான் ஆரம்பித்தேன், ஆனால் பாதித் தவறு வீட்டிலேயே நடப்பதால் பெற்றோரும் படிக்கட்டும். பாலில் பவுடர் கலக்கிக் கொடுப்பது, கம்பியில் தொங்கவிடுவது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரிந்த கதை.

மீசையைப் பார்த்து முடிவு கட்டுவது

ஆண்பிள்ளைக்குப் பருவம் தொடங்கியதன் முதல் அடையாளம் மீசையும் இல்லை, குரல் உடைவதும் இல்லை. விரை பெரிதாவதுதான். அது 4 மில்லி அளவைத் தொட்டால் பருவம் தொடங்கிவிட்டது. 14 வயதிலும் தொடவில்லை என்றால் அதைத்தான் தாமதம் என்கிறோம். இதை அளக்க, சிறியதிலிருந்து பெரியதாக 12 மணிகள் கோத்த ஒரு மாலை உண்டு. ஆர்க்கிடோமீட்டர் என்று பெயர், சுவிட்சர்லாந்தின் பிரேடர் என்ற மருத்துவர் 1966-இல் அறிமுகப்படுத்தியது. பல இடங்களில் அது அலமாரிக்குள் பூட்டியே கிடக்கிறது. மாலை இல்லாவிட்டால் சாதாரண ஸ்கேல் போதும், நீளம் இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டால் ஆட்டம் தொடங்கிவிட்டது.

பெண்பிள்ளைகள் பருவத்தின் தொடக்கத்திலேயே மளமளவென்று வளர்ந்துவிடுகிறார்கள். பையன்களுக்கு அந்த வேகம் பாதி வழியில்தான், விரை 10, 12 மில்லி ஆகும்போதுதான் வரும். "இவன் அக்கா பன்னிரண்டு வயதில் என் தோளுக்கு வந்துவிட்டாளே" என்று தவிக்கிற அம்மாவுக்கு இதைச் சொன்னாலே பாதிப் பயம் போய்விடும். ஆனால் சொல்வதற்கு முன் பார்த்திருக்க வேண்டுமே. கூச்சம் பையனுக்கு மட்டும் இல்லை, நமக்கும்தான். திரை போட்டு, அம்மாவை வெளியே உட்காரச் சொல்லி, அப்பாவோ ஓர் ஆண் ஊழியரோ கூட நிற்க, எதைப் பார்க்கப்போகிறோம், எதற்கு என்று அவனிடமே சொல்லி, அவன் சரி என்ற பிறகு பார்த்தால் ஒரு நிமிட வேலை. இரண்டு விரையும் இறங்கியிருக்கிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும். ஒரு வயதையொட்டிச் சரி செய்திருக்க வேண்டிய அந்தக் குறையோடு, யாருமே பார்க்காமல் 15 வயது வரை வந்த பையன்கள் இருக்கிறார்கள்.

"அவங்க அப்பா மாதிரி லேட்டா வளருவான்"

இதுதான் என்னை இன்றுவரை எரிச்சல்படுத்துகிற தவறு. தாமதமாகப் பருவம் வரும் பையன்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இது உண்மைதான். அப்பாவோ தாய்மாமனோ பள்ளியை முடித்த பிறகு வளர்ந்தவராக இருப்பார், பையனும் அதே வழியில் தானாக வளர்ந்துவிடுவான். இவர்களுக்குச் சரியாக வருகிறது என்பதற்காக வருகிற எல்லாப் பையனுக்கும் இதையே சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

நான் படிப்பு முடித்த புதிதில் ஒரு சின்ன ஊரில் கிளினிக் வைத்திருந்தேன். 15 வயதுப் பையனை அழைத்து வந்தார்கள், உயரம் 141 செ.மீ. அப்பா, "நானும் பன்னெண்டாவது முடிச்சப்புறம்தான் சார் வளர்ந்தேன்" என்றார். இடது மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்தேன், எலும்பு வயது, அதாவது எலும்பின் முதிர்ச்சி காட்டும் வயது, 12. எலும்பு பின்தங்கியிருக்கிறது, அப்பாவும் இப்படித்தான், இன்னும் வளர இடம் இருக்கிறது, கவலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கிளம்பும்போது அவன் அம்மா சொன்னார்: "இவனுக்கு யூனிஃபார்ம் செலவே இல்ல சார், ரெண்டு வருஷமா அதே பேன்ட், அதே செருப்புதான்." நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

பதினொரு மாதம் கழித்து, தலைவலியும் வாந்தியுமாக அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பக்கவாட்டில் வந்த சைக்கிள் கண்ணில் படாமல் இரண்டு முறை மோதி விழுந்திருக்கிறான். ஸ்கேனில், மூளைக்கு அடியில் இருந்து மற்ற ஹார்மோன் சுரப்பிகளை இயக்கும் பிட்யூட்டரி சுரப்பியை ஒட்டி, கிரேனியோஃபரிஞ்சியோமா என்ற கட்டி. பரவும் புற்றுநோய் இல்லை, ஆனால் இருக்கிற இடம் பார்வை நரம்புக்குப் பக்கத்தில். அறுவை சிகிச்சை செய்து பிழைத்துக்கொண்டான். ஒரு கண்ணில் பார்வை திரும்பவில்லை. தைராய்டு மாத்திரை, ஸ்டீராய்டு, சிறுநீரைக் கட்டுப்படுத்த ஒரு மருந்து, அப்புறம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி, எல்லாம் ஆயுள் முழுக்க.

பிறகுதான் அவன் பள்ளியில் எடுத்து வைத்திருந்த உயரக் கணக்கை வாங்கிப் பார்த்தேன். ஏழாம் வகுப்பில் 137, எட்டில் 139, ஒன்பதில் 140. என்னிடம் வந்தபோது 141. மூன்று வருடத்தில் நாலு சென்டிமீட்டர். பருவம் தொடங்காத பையன்கூட வருடத்துக்கு 4 முதல் 6 செ.மீ. வளர்வான். பருவத்துக்குச் சற்று முன் வேகம் கொஞ்சம் மந்தமாகும், அது வேறு, இப்படி வருடக்கணக்கில் நின்றுபோகாது. லேட்டாக வளர்கிற பையன் குள்ளமாகவே இருந்தாலும் தன் போக்கில் ஏறிக்கொண்டே இருப்பான். பேன்ட் மாறவில்லை என்று அந்த அம்மா சொன்னதும் இதைத்தான், எனக்குத்தான் உறைக்கவில்லை. தலைமாட்டில் செம்பு நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டுதான் படுப்பான், ராத்திரி மூன்று தடவை ஒன்றுக்குப் போவான் என்பதையும் நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், அதுவும் அந்தக் கட்டியின் அடையாளம்தான்.

எக்ஸ்ரேயை நம்பி ஏமாந்தது இன்னொன்று. தைராய்டு குறைவு, வளர்ச்சி ஹார்மோன் குறைவு, நெடுநாள் சிறுநீரகக் கோளாறு, குடல் கோளாறு என்று எதிலும் எலும்பு வயது பின்தங்கும். இன்னும் எவ்வளவு வளர இடம் இருக்கிறது என்பதைத்தான் எக்ஸ்ரே காட்டும், ஏன் வளரவில்லை என்பதைக் காட்டாது. அதை எடுத்துவிட்டு "போன் ஏஜ் டிலேட், எனவே குடும்ப வாகு" என்று எழுதும் சீட்டுகளை இன்றும் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் அந்தப் பையனின் முகம்தான் ஞாபகம் வருகிறது.

வேண்டியது இரண்டு உயரங்கள், நடுவில் ஆறு மாத இடைவெளி. செருப்பில்லாமல், குதிகால் சுவரை ஒட்டி, ஒரே கருவியில், முடிந்தால் நாளின் ஒரே நேரத்தில், ஏனென்றால் காலையில் இருக்கும் உயரம் மாலைக்குள் ஒரு செ.மீ. வரை குறையும். அதை இந்தியக் குழந்தை நல மருத்துவர்கள் சங்கம் 2015-இல் வெளியிட்ட 5 முதல் 18 வயது வரையான வளர்ச்சி வரைபடத்தில் குறித்துவிடுங்கள். பழைய அளவு இல்லையென்று யாரும் கைவிரிக்காதீர்கள். பள்ளிப் பதிவு இருக்கும், கதவு நிலையில் கிழித்த கோடு இருக்கும், கடைசியாக எப்போது செருப்பு மாற்றினீர்கள் என்ற கேள்வியாவது இருக்கிறது. தலைவலி, பார்வை, தாகம், மலச்சிக்கல், நாள்பட்ட வயிற்றுப்போக்கு, இவற்றைக் கேட்காமல் "குடும்ப வாகு" என்று எழுதக் கூடாது.

வயதைக் கேட்காமல் விடுவது

சீக்கிரம் பள்ளியில் சேர்க்க ஒரு வருடம் கூட்டிப் போட்ட பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். நிஜப் பிறந்த தேதியைக் கேளுங்கள்.

மூக்கை மறப்பது

பருவத்தைத் தூண்டும் செல்கள் கருவில் மூக்குப் பகுதியில் உருவாகி, வாசனை நரம்பின் வழியாகத்தான் மூளைக்குள் போகின்றன. அந்தப் பயணம் தடைபட்டால் வாசனையும் தெரியாது, பருவமும் வராது. கால்மன் நோய்க்குறி என்பது இதுதான். மல்லிகைப்பூ வாசம் தெரியுமா, கருவாடு வறுத்தால் தெரியுமா என்று கேட்கக் காசு செலவில்லை. பிறவியிலிருந்தே இல்லாததால் பையன் தானாக வந்து சொல்ல மாட்டான்.

அவசரப்பட்டு ஊசி போடுவது

காரணத்தைத் தேடிப் பார்த்த பிறகு, 14 வயதைத் தாண்டிய பையனுக்கு, மனசு ரொம்ப உடைந்திருந்தால், குறைந்த அளவு டெஸ்டோஸ்டிரோன் மாதம் ஒன்றாக மூன்று முதல் ஆறு மாதம் தரலாம். 50 முதல் 100 மில்லிகிராம்தான். கடையில் கிடைக்கும் ஆம்பூல் 250 என்பதற்காக, மீதியைக் கொட்ட மனமில்லாமல் முழுசாகப் போட்டு அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த ஹார்மோனில் ஒரு பகுதி உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாறுகிறது, எலும்பின் வளர்முனையை மூடுவது அதுதான். அளவு மீறினால் ஒரு வருடம் ஓங்கி வளர்ந்துவிட்டு அதோடு நின்றுவிடுவான். இன்னொரு விஷயம், ஊசி போட்டால் முடி வளரும், உறுப்பு வளரும், விரை வளராது. விரை பெரிதானால்தான் அவன் உடம்பு தானாக விழித்துக்கொண்டது என்று பொருள், ஊசியை நிறுத்திவிட்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பெயர் ஒட்டாத டப்பாவில் வரும் உயரப் பொடியில் என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது, தொடாதீர்கள்.

குண்டுப் பையன்

உறுப்பு சிறிதாகத் தெரிந்தால், அடிவயிற்றுக் கொழுப்பை விரலால் அழுத்திவிட்டு அதை அளந்து பாருங்கள். பெரும்பாலும் எல்லாம் சரியாகவே இருக்கும்.

உயரமான பையன்

நீண்ட கால், உயரம், ஆனால் விரை மட்டும் சிறிதாகக் கெட்டியாக இருந்தால் குரோமோசோம் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

பையனை விட்டுவிட்டுப் பேசுவது

மருந்து வரிசையிலிருந்து திரும்பி வந்த அந்தப் பையனுக்கு விரை 5 மில்லி இருந்தது, போன வருடத்து உயரத்தோடு ஒப்பிட்டால் 5 செ.மீ. வளர்ந்திருந்தான். பி.ஜி. எழுதியது சரிதான், பார்க்காமல் எழுதியதுதான் தப்பு. அதுவரை எல்லாக் கேள்விக்கும் அப்பாவே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை ஐந்து நிமிடம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, ஸ்கூலில் உன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டேன். சொன்னான். பி.டி. வகுப்பில் உடை மாற்ற வேண்டும் என்பதால் வெள்ளிக்கிழமைகளில் வயிற்றுவலி என்று லீவு போடுவதையும் சொன்னான். அப்புறம் ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்குக் கல்யாணம் ஆனா குழந்தை பொறக்குமா சார்?" என்று கேட்டான். மணிமாலையை அவன் கையில் கொடுத்து, இப்போது அவன் நிற்கும் மணியையும் அடுத்த ஒன்றரை இரண்டு வருடத்தில் போய்ச் சேரப்போகிற மணிகளையும் காட்டி, பிறக்கும்டா, இது தாமதம் மட்டும்தான் என்று சொன்னேன். அவன் அந்த மணிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தான்.