மதியச் சாப்பாட்டை விட்டுவிடுங்கள்: பாத் நகரில் இருவருக்கு ஒரு நாள்

முதல் தடவை நாங்கள் செய்த தப்பைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். எங்கள் 10ஆவது கல்யாண நாளுக்கு, இங்கிலாந்தில் வேறோர் ஊரில், ஒரு பெரிய ஹோட்டலில் 4 மணிக்கு ஆஃப்டர்நூன் டீ பதிவு செய்திருந்தேன். டீதானே, கூட ரெண்டு பிஸ்கட் வரும் என்ற நினைப்பில் 1 மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போனோம். மூன்றடுக்குத் தட்டு மேசைக்கு வந்தது. என் மனைவி அதை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, இது பலகாரமில்லீங்க, பந்தி" என்றாள். ஸ்கோன் என்கிற சின்ன ரொட்டியில் ஆளுக்கு ஒன்றைக்கூட முடிக்க முடியவில்லை. மிச்சத்தை அட்டைப் பெட்டியில் கட்டி வாங்கிக்கொண்டு, பேசாமல் வீடு வந்து சேர்ந்தோம்.

அடுத்த கல்யாண நாளுக்கு முறையை மாற்றினேன். நாளைக் காலையிலிருந்து திட்டமிடக் கூடாது, மாலைத் தேநீரிலிருந்து பின்னோக்கித் திட்டமிட வேண்டும். முதலில் தேநீருக்கு மேசையைப் பிடியுங்கள். மூன்றரை மணி சரியான நேரம். அதற்கு முன்னால் என்ன செய்தாலும் அது பசியைக் கிளப்புவதாகவும் உடம்பைத் தளர்த்துவதாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒருசேரச் செய்ய எனக்குத் தெரிந்த ஒரே வழி வெந்நீர்க் குளியல். அதனால்தான் வெந்நீர் ஊற்றுள்ள இங்கிலாந்து நகரமான பாத்.

நாங்கள் இருப்பது ரெடிங்கில். அங்கிருந்து பாத் ஸ்பா நிலையத்துக்கு நேர் ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். லண்டன் பாடிங்டனிலிருந்து வந்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள். 'டூ டுகெதர்' ரயில் கார்டு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கார்டில் பெயருள்ள இருவரும் சேர்ந்து போனால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வார நாட்களில் காலை ஒன்பதரைக்கு முன் செல்லாது, சனி ஞாயிறில் அந்தத் தடை இல்லை. சண்டை போட்டுக்கொண்டு தனித்தனி ரயிலில் திரும்பினால் மட்டும் சலுகை கிடைக்காது.

காலையில் வீட்டிலேயே இட்லியோ தோசையோ நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பையில் ரெண்டு ஆப்பிள். மூன்றரை வரை அவ்வளவுதான்.

பாத்தில் குளிக்கிற இடமும் பார்க்கிற இடமும் வேறு வேறு. புதிதாக வருபவர்கள் பலர் இதில் குழம்புகிறார்கள். ரோமானியர் கட்டிய குளத்தில் இன்று யாரும் குளிக்க முடியாது. அந்தப் பச்சைத் தண்ணீர் வெயில் பட்டுப் பாசி பிடித்தது, தொடவே கூடாது. குளிப்பதற்கு, சில நிமிட நடைத் தொலைவில் தெர்மே பாத் ஸ்பா இருக்கிறது. 2006இல் திறந்தது. அதே வெந்நீர் ஊற்றுதான். தரைக்கடியிலிருந்து ஏறக்குறைய 46 டிகிரியில், நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல் வந்துகொண்டிருக்கிறது. உடம்பு தாங்குகிற அளவுக்கு ஆற்றிக் குளத்தில் விடுகிறார்கள். நுழைவு 2 மணி நேரக் கணக்கு, 16 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. பிள்ளைகளை நண்பர் வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு அந்த விதியின் அருமை தெரியும்.

நீச்சலுடை கட்டாயம். இங்கே நம்மவர்களில் பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள். என் மனைவியும் முதலில் "நீங்க போங்க, நான் வெளிய உக்காந்திருக்கறேன்" என்றாள். முழங்கால் வரை கால்சட்டையும் அரைக்கையும் உள்ள நீச்சலுடை கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்கினோம். குளத்தின் விளிம்பு வரை அங்கியைப் போட்டுக்கொண்டு போய், இறங்கும்போது கழற்றினால் போதும். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. நேரே மொட்டைமாடிக் குளத்துக்குப் போங்கள். கழுத்து வரை வெந்நீர், முகத்தில் குளிர்காற்று, எதிரே தேவாலயக் கோபுரமும் சுற்றிலும் குன்றுகளும். நவம்பர், பிப்ரவரி மாதிரி யாரும் சுற்றுலா போகாத மாதங்களில்தான் இந்தச் சுகம் முழுசாகக் கிடைக்கும். நாங்கள் போன அன்று தூறிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் சேர்த்து நாலு வாக்கியம் தேறாது. ரொம்ப நாளுக்கப்புறம் அப்படி ஒரு மௌனம், அதுவும் கோபமில்லாத மௌனம்.

10 மணிக்கு இறங்கினால் 12 மணிக்கு வெளியே வந்துவிடலாம். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் வருமே, அந்தப் பசி வரும். கூடவே தூக்கமும் வரும். எண்ணெய்க் குளியலன்று பகலில் தூங்கக் கூடாது என்று அம்மா சொன்னதை நினைத்துக்கொண்டு நடக்க ஆரம்பியுங்கள். தெருவில் எந்தக் கடையின் வாசனைக்கும் மயங்காதீர்கள். ஆப்பிள் இருக்கிறது.

நடப்பதற்கு ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மேட்டில் ஏறினால் ராயல் கிரெசென்ட். 1767இல் தொடங்கி 1774இல் முடித்த பிறைவடிவ வரிசை, 30 வீடுகள், எல்லாம் தேன்நிறக் கல். எதிரே பெரிய புல்வெளி. கீழ்ப்பக்கம் இறங்கினால் புல்டெனி பாலம். இருபுறமும் கடைகள் இருப்பதால் பாலத்தின் மேல் நடக்கிறோம் என்பதே தெரியாது, கரைக்கு இறங்கிப் பார்த்தால்தான் ஏவன் ஆறு படிப்படியாக விழுவது தெரியும். வெயில் அடித்தால் மேடு, மழையானால் பாலத்துக் கடைகள். இரண்டையும் பார்த்தே தீருவேன் என்று கிளம்பினால் குளியலில் இளகின கால் மறுபடி இறுகிவிடும். ஜேன் ஆஸ்டின் இந்த ஊரில் சில வருடங்கள் இருந்தார். அவர் பெயரில் இருக்கிற கடைகளுக்குள் நுழைந்தால் மூன்றரைக்கு மேசைக்கு வந்து சேர மாட்டீர்கள்.

2 மணிக்கு ரோமானியக் குளியலகம். இது ஓய்வா, அருங்காட்சியகமா என்று நான் தயங்கினேன். என் மனைவியை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை. காரணம், ஈயத் தகடுகள். சுமார் 130 கிடைத்திருக்கின்றன. ரோமானியர் காலத்தில் குளிக்க வந்தவர்களின் துணியும் காசும் திருடுபோனால், திருடனைத் தண்டிக்கச் சொல்லி சுலிஸ் மினெர்வா என்ற தேவிக்கு ஈயத்தில் எழுதி, சுருட்டி, ஊற்றுக்குள் போட்டிருக்கிறார்கள். என் மனைவிக்கு ஊர் பொள்ளாச்சிப் பக்கம். "இது நம்ம மாசாணியம்மன் சமாச்சாரமாட்டவே இருக்குது" என்றாள். ஆனைமலையில் களவு கொடுத்தவர்கள் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்தத் தகடுகள் புராதனப் பொருளாகவே தெரியவில்லை.

ஒட்டியே பம்ப் ரூம். இந்தப் பெயரைக் கேட்டதும் கிணற்றுமேட்டு மோட்டார் ரூம்தான் எங்களுக்கு ஞாபகம் வந்தது. உள்ளே போனால் உயரமான தூண்களும் சரவிளக்கும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஊற்று நீரை மருந்தாகக் குடிக்க வந்த பணக்காரர்களுக்காகக் கட்டிய கூடம். அந்தத் தண்ணீரை இன்றும் குடித்துப் பார்க்கலாம். இளஞ்சூடாக, ஆணி ஊறின அடிபம்புத் தண்ணீர் போலிருக்கும். ஒரு வாய் போதும்.

இங்கேயோ ஊரில் வேறு எங்கேயோ, தேநீருக்குப் பதிவு செய்யும்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுங்கள். 'வெஜிடேரியன்' என்றால் இங்கே முட்டை உண்டு. என் மனைவி கேக்கில் கலந்த முட்டையைக் கண்டுகொள்ள மாட்டாள், முட்டையை முட்டையாகப் பார்த்தால் தொட மாட்டாள். முன்பு போன அந்த ஹோட்டலில் சைவத் தட்டு என்று நாலில் ரெண்டு சாண்ட்விச்சை முட்டையிலேயே தந்தார்கள். முட்டை சாண்ட்விச் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். மூஸ் மாதிரி இனிப்புகளில், விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உண்டா என்றும் கேளுங்கள். முட்டையே ஆகாது என்றால் முட்டையும் பாலும் இல்லாத வீகன் தட்டு கேட்க வேண்டும், ஆனால் அதில் ஸ்கோனுக்குப் பூசும் க்ளாட்டட் க்ரீம் போய்விடும். நியாயமான சோகம் அது. விலை பல இடங்களில் ஆளுக்கு 30 பவுண்டுக்கு மேல். பில்லில் சேவைக் கட்டணம் சேர்த்திருந்தால் மேற்கொண்டு டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை.

'ஹை டீ' என்று மட்டும் கேட்காதீர்கள். நம் ஊர் ஹோட்டல்கள் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டுவிட்டன. இங்கே அது உழைத்துவிட்டு வந்தவர்கள் சாயங்காலம் சாப்பிடும் சாப்பாடு. ஆஃப்டர்நூன் டீ, 1840களில் பெட்ஃபோர்டு சீமாட்டி ஆன்னா மதியத்துக்கும் இரவுக்கும் நடுவே பசி தாங்காமல் தொடங்கியதாகச் சொல்வார்கள். அவரும் பசியோடுதான் இருந்திருக்கிறார், கவனியுங்கள்.

தேயிலை வகைகளின் பட்டியலைப் பார்த்து மிரள வேண்டாம். நம் நாக்குக்கு அஸ்ஸாம், பால் விட்டு. பால் வேண்டாம் என்பவர் டார்ஜிலிங் எடுக்கலாம். எர்ல் கிரேயில் எலுமிச்சைத் தோல் போல ஒரு வாசனை வரும். வால்பாறைக்குக் கீழே வளர்ந்த என் மனைவி அதை "சோப்பு டீ" என்று ஒதுக்கிவிட்டாள். இருவரும் வேறு வேறு வகை கேளுங்கள், மாற்றி ருசிக்கலாம். இலை குடுவைக்குள்ளேயே கிடந்தால் ரெண்டாவது கோப்பை கசக்கும். தனியாக வெந்நீர் கேளுங்கள், தருவார்கள்.

சாப்பிடும் வரிசை: சாண்ட்விச், ஸ்கோன், கடைசியில் இனிப்பு. எல்லாம் கையால்தான். சுண்டுவிரலைத் தூக்க வேண்டியதில்லை. வெள்ளரிக்காய் சாண்ட்விச் ஒன்றுமில்லாதது போலத் தெரியும், அதை அவசரமில்லாமல் தின்றால்தான் அதன் குளிர்ச்சி புரியும். ஸ்கோன் சூடாக இருக்கும்போதே கைவையுங்கள். குறுக்காகப் பிளந்து, ஒவ்வொரு பாதியையும் தனித்தனியாகப் பூச வேண்டும், பன் மாதிரி மூடிக் கடிக்கக் கூடாது. க்ளாட்டட் க்ரீம் என்பது நம் பாலாடையின் பணக்காரப் பங்காளி. டெவன்காரர்கள் க்ரீமைப் பூசி மேலே ஜாம் வைப்பார்கள், கார்ன்வால்காரர்களுக்கு ஜாம் முதலில். நான் டெவன் கட்சி, அவள் கார்ன்வால். பாத் அந்த ரெண்டு மாவட்டத்திலும் சேராத சாமர்செட்டில் இருப்பதால் தீர்ப்பு சொல்ல ஆளில்லை.

மேசையில் ஒன்றரை மணி நேரமாவது உட்காருங்கள். இந்த முறை ஸ்கோன் மிஞ்சவில்லை, எலுமிச்சை டார்ட் ஒன்று மட்டும் பெட்டியில் வந்தது. ஆறரை ரயிலில் இருவரும் தூங்கிவிட்டோம், நல்லவேளையாக, ரெடிங்குக்கு முன்னால் வரும் டிட்காட் தாண்டி விழிப்பு வந்தது.

இன்னும் ஒன்று. காலையில் கிளம்பும் முன்பே கொஞ்சம் ரசம் வைத்து ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்துவிடுங்கள். இவ்வளவு இனிப்புக்கு மேல் ராத்திரி ஒன்பதரை மணிக்கு நாக்கு அதைத்தான் கேட்கும்.