ஹைஃபனா, கமாவா, சும்மா விடுவதா? ஆங்கிலப் பெயரடைகளுக்கு ஒரு வழி

ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் இரண்டு மூன்று சொற்கள் வரிசைகட்டி நின்றால் எங்கே கோடு, எங்கே கமா என்று கை தயங்கும். எந்தச் சொல் எதோடு ஒட்டுகிறது என்று பார்க்கப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

முதலில் ஹைஃபன். 'மேன் ஈட்டிங் ஷார்க்' என்று எழுதினால் ஒருவர் உட்கார்ந்து சுறா மீன் சாப்பிடுகிறார். 'மேன்-ஈட்டிங் ஷார்க்' என்றால் சுறா ஆளைத் தின்னும். 'வேலை கொடுத்தான்', 'வேலைக் கொடுத்தான்' என்பதில் ஒரே ஒரு ஒற்று பொருளைப் புரட்டிப் போடுகிறதே, ஆங்கிலத்தில் அந்த வேலையை இந்தச் சின்னக் கோடு பார்க்கிறது. இரண்டு சொல்லும் சேர்ந்து ஒரே அடையாகி, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் கோடு போடுங்கள். பின்னால் போய்விட்டால் பெரும்பாலும் வேண்டாம்: 'எ வெல்-நோன் ரைட்டர்', ஆனால் 'தி ரைட்டர் இஸ் வெல் நோன்'.

அடுத்து எண்கள். நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான், கொஞ்சம் நின்று பாருங்கள். 'எ டென்-மினிட் பிரேக்' சரி, 'டென்-மினிட்ஸ்' தப்பு. கோடு வந்தால் பன்மை போய்விடும். 'எ ஃபைவ்-இயர்-ஓல்டு சைல்டு' என்பதில் இரண்டு கோடு. அதையே 'தி சைல்டு இஸ் ஃபைவ் இயர்ஸ் ஓல்டு' என்று திருப்பினால் கோடுகள் போய், பன்மை திரும்பி வரும்.

'லி' என்று முடியும் வினையடைக்குக் கோடு தேவையில்லை: 'ஹைலி பெய்டு ஒர்க்கர்'. ஆனால் 'ஃபேமிலி' வினையடை இல்லையே, அதனால் 'ஃபேமிலி-ஓன்டு பிசினஸ்' என்று கோடு போட்டே ஆக வேண்டும்.

அப்புறம் கமா. இரண்டு அடைகளும் தனித்தனியாகப் பெயர்ச்சொல்லை விவரிக்கின்றனவா என்று பார்க்க, இடம் மாற்றி நடுவில் 'அண்டு' போட்டுப் படியுங்கள். 'எ லாங், டயரிங் ஜர்னி' என்பது 'டயரிங் அண்டு லாங்' என்றாலும் பொருந்துகிறது, கமா போடலாம். 'எ ஸ்மால் ரெட் பாக்ஸ்' என்பதை 'ரெட் அண்டு ஸ்மால் பாக்ஸ்' என்று சொன்னால் காதில் இடிக்கிறது, விட்டுவிடுங்கள். கடைசி அடைக்கும் பெயர்ச்சொல்லுக்கும் நடுவில் மட்டும் கமா வரவே வராது.

இரண்டும் சேர்ந்து வரும் இடம்: 'எ க்வயட், வெல்-லிட் ரூம்'. அறை அமைதியானது, அது தனி. வெளிச்சமும் நன்றாக இருக்கிறது, அது 'வெல்', 'லிட்' இரண்டும் சேர்ந்து சொல்வது.